வலைச் சர்வர்வழித் தானியங்கி ஃபர்ம்வேர் புதுப்பிப்பு: வடசென்னையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சர்வரின் வன்பொருள் உறுப்புகளுக்குள்ளேயே பதிந்திருந்து, இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே அவற்றை இயக்கிவைக்கும் அடிப்படை நிரல் ஃபர்ம்வேர் எனப்படும். டெல் சர்வர்களில் உள்ள ஐடிராக் என்னும் தனி மேலாண்மைச் சில்லு, குறித்த நேரத்தில் ஒரு வலைச் சர்வரை அணுகி, அங்குள்ள பட்டியல் கோப்பைத் தன்னிடமுள்ள பதிப்புகளோடு ஒப்பிட்டு, புதியவற்றைத் தானே இறக்கிப் பதிக்கும்படி அமைக்க இயலும்.

இம்முறையின் வலிமையை 2019 நவம்பரில் எச்பிஇ வெளியிட்ட எச்சரிக்கை தெளிவாக்கியது. அந்நிறுவனத்தின் சிலவகை எஸ்எஸ்டி வட்டுகள், ஃபர்ம்வேர்ப் பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும் தரவோடு செயலிழக்கும் என்றும், அதற்கு முன்பே புதிய பதிப்பைப் பதித்துவிட வேண்டும் என்றும் அது அறிவித்தது. ஒரே நாளில் பொருத்தப்பட்ட வட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வீழும் என்பதால், பல வட்டுகளில் தரவைப் பகிர்ந்து காக்கும் ரெய்டு ஏற்பாடும் அங்கே உதவாது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம் ஆகியவற்றை ஒட்டி இரவும் பகலும் இயங்கும் சரக்கு நிறுவனங்களில், ஒவ்வொரு சர்வரையும் ஆள் சென்று புதுப்பிப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியைத் தானியங்கி முறை அடைக்கிறது.

ஆயினும், வட்டைக் காக்கும் அதே வழியே கேட்டையும் கொண்டுவரக்கூடும். 2014இல் எச்பி வழங்கிய ஒரு புதுப்பிப்பு, சில புரோலையன்ட் சர்வர்களின் நெட்வொர்க் சில்லுகளையே செயலிழக்கச் செய்தது. கோப்பிலுள்ள டிஜிட்டல் கையொப்பம் அதை உருவாக்கியவர் யார் என்பதற்குச் சான்றாகுமே தவிர, அது பிழையற்றது என்பதற்குச் சான்றாகாது. வழங்குமிடமே கைப்பற்றப்படும் ஆபத்து இன்னும் கொடியது. 2017 ஜூனில், உக்ரைனின் மீடாக் என்னும் கணக்கு மென்பொருளின் புதுப்பிப்புச் சர்வர் வழியே பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரல், மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தை முடக்கியது. அது ஃபர்ம்வேர் அன்று எனினும், நம்பிக்கை மீறப்பட்ட விதம் இங்கும் பொருந்தும். அத்தகைய முடக்கம் வடசென்னையில் நேர்ந்தால், ஏற்கெனவே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளில் ஓட்டுநர்களே முதலில் அதன் சுமையைத் தாங்குவர்.

மின்சாரமும் இங்கே கருதத்தக்கது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி வெள்ளத்தில் மூழ்கி மின்சாரம் இழந்தது. ஃபர்ம்வேர் எழுதப்படும் நடுவே மின்சாரம் அறுந்தால், மாற்றுப்படி இல்லாத உறுப்பு மீளாமலே போகலாம். ஆகவே யுபிஎஸ் தாங்கும் நேரத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் கொள்ளாத கால அட்டவணை இப்பகுதிக்குப் பொருந்தாது.

தயாரிப்பாளரின் இணையத் தளத்தை நேரடியாகச் சுட்டுவதைவிட, நிறுவனம் தன் வலையமைப்புக்குள்ளேயே ஒரு வலைச் சர்வரை நிறுவி, சோதித்துத் தேர்ந்த பதிப்புகளை மட்டும் அதில் வைத்து, முதலில் ஒரு சர்வரிலும் சில நாள் கழித்து ஏனையவற்றிலும் பதிப்பதே ஏற்கத்தக்கது. இறக்குதலைத் தானியங்கியிடம் விடலாம், தேர்வை விடலாகாது. எனினும் இவ்வேற்பாட்டாலும் தீராத குறை ஒன்று உண்டு: தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய சர்வரில், புதிய பதிப்பு ஏதுமில்லை என்றே ஒவ்வொரு வாரமும் அறிக்கை வரும், அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே கிடக்க, பொறுப்பாளரோ அதை நலமென்று கொள்வார்.