‘முதுமை மறதி’ என்னும் பெயர்

டிமென்ஷியா என்று மருத்துவர் கூறும் நோய்க்குச் சிங்கப்பூர்த் தமிழர் ‘முதுமை மறதி’ என்று பெயரிட்டு வழங்குகின்றனர். எளிய சொல், எல்லார்க்கும் விளங்குவது, செவிக்கும் இனியது. ஆயினும் அதில் உள்ள இரண்டு சொற்களுமே நோயைச் சரியாகக் காட்டவில்லை.

முதலில் ‘முதுமை’யை நோக்குவோம். வயது ஏற ஏற இந்நோய் மிகுதியாக வருகிறது என்பது உண்மையே. ஆனால் முதுமையே நோயன்று. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்த பெண்மணி, 1901-இல் மருத்துவமனைக்கு வந்தபோது 51 வயதினர். அவரை மூதாட்டி என்று யார் சொல்வர்? இந்நோய் வகைகளுள் பெரும்பான்மையாகக் காணப்படுவது அம்மருத்துவர் பெயரால் வழங்குவதே. அதன் வரலாற்றில் முதலில் நிற்பவரே நம் சொல்லுக்கு அடங்கவில்லை.

‘மறதி’ இன்னும் பொருந்தாது. கண்ணாடியை வைத்த இடம் மறப்பது மறதி. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமற் போவதை மறதி என்று சொல்லி முடித்துவிட இயலுமா? சொல் தடுமாறுகிறது, வழி தப்புகிறது, பகலிரவு மாறுகிறது, பெற்ற மகளே அயலாளாய்த் தோன்றுகிறாள். ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி வீட்டை எண்ணிப் பாருங்கள். “என் சங்கிலியை நீதான் எடுத்தாய்” என்று மாமியார் நாள்தோறும் மருமகளிடம் சொல்கிறார். நள்ளிரவில் கதவைத் திறந்து, “வீட்டுக்குப் போகணும்” என்று புறப்படுகிறார். நாற்பது ஆண்டு குடியிருந்த வீடு அது! இவ்வீட்டாரை வாட்டுவது மறதியன்று; ஐயமும் அலைச்சலும் உறக்கமின்மையுமே. ‘மறதிதானே’ என்று கேட்டுப்போகும் உறவினருக்கு அம்மருமகள் என்ன விளக்குவாள்?

யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்தல்’ என்பர். பெயர்தல் என்பது இடம்விட்டு நீங்குதல். உள்ளே நிலையாய் இருந்த ஒன்று நிலைபெயர்ந்தது என்னும் குறிப்பு அதில் உண்டு. அவ்வளவில் நம் சொல்லினும் அது கூரியது. ஆனால் அதுவே வசைமொழியாகவும் வழங்குவதால், நோயாளர் முன் சொல்லத் தகாது. ஜப்பானியர் இத்தகைய இடரை உணர்ந்து, பேதைமைப் பொருள் தொனித்த பழைய பெயரை 2004-இல் நீக்கி, அறிதிறனைச் சுட்டும் வேறு பெயரை அமைத்துக்கொண்டனர்.

மென்மையான சொல் வெட்கத்தைத் தணிக்குமே என்று சிலர் கூறலாம். அதில் உண்மை உண்டு. பித்து என்று ஊரார் பேசுவரோ என்று அஞ்சும் வீட்டுக்கு ‘மறதி’ ஒரு போர்வை. ஆனால் போர்வைக்குள் நோய் வளர்கிறது. சிங்கப்பூரில் 2013-இல் நடந்த ஆய்வு, அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோரில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. 2023-இல் அது நூற்றுக்கு 8.8 ஆயிற்று. அப்போதும் நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் மருத்துவரால் கண்டறியப்படாதவர்கள். இதற்குக் காரணங்கள் பல. சொல் ஒன்றையே குற்றம் சாட்டுவது முறையாகாது. ஆயினும் ‘வயதானால் மறக்கத்தானே செய்யும்’ என்று மகன் ஆறுதல் கொள்வதற்கு, நோயின் பெயரே சான்று கூறி நிற்கிறது.

நம் இலக்கியமும் இங்கே அதிகம் உதவவில்லை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் வரும் முதியவருக்கு உடல் தளர்ந்தது. இளமை நினைவோ பசுமையாய் நிற்கிறது. மூப்பு என்றால் தளர்ந்த உடலும் தளராத நினைவும் என்றே படித்துப் பழகினோம். உடல் நலமாயிருக்க நினைவு கலையும் முதுமையை எந்தப் பாடத்தில் வைத்தோம்?

நோயாளருக்கு அருகில் இருப்பவரின் பெயர் இன்னும் வறியது. ‘பராமரிப்பாளர்’ என்கிறோம். மின்தூக்கிக்கும் பராமரிப்பு, பூங்காவுக்கும் பராமரிப்பு, தாய்க்கும் பராமரிப்பு! ‘செவிலி’ என்னும் பழஞ்சொல்லில் வளர்த்த அன்பு இருந்தது. மருத்துவமனைப் பணிக்கு அதனைக் கொடுத்துவிட்டோம். ‘பேணுநர்’ எனலாம். பேணுதலில் காத்தலும் உண்டு, மதித்தலும் உண்டு. நோய்க்கு ‘அறிவுத்திறன் சிதைவு’ என்பது சற்றுக் கரடுமுரடானதே. எனினும் வயதின் மேல் பழியைப் போடாது. இதனினும் நல்லது ஆசிரியர் எவருக்கேனும் தோன்றின் அதனையே கொள்ளலாம்.

சொல்லின் தேவை வேறொரு வகையிலும் எழுகிறது. பின்னாளில் கற்ற மலாயும் ஆங்கிலமும் முந்தித் தளர, தாய்மொழியே எஞ்சுவது நோயாளர் பலரிடம் காணப்படுவது. அருகிருப்பவரோ பல வீடுகளில் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண். பாட்டி ‘தாகம்’ என்கிறார், ‘வலிக்குது’ என்கிறார். அப்பெண்ணின் கைக்கு எட்டுமாறு, அவள் மொழி எழுத்தில் இருபது தமிழ்ச் சொற்களை எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைப்பது பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மாலை வேலை.