தேடலுக்கும் கூலி உண்டு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியையொட்டிக் கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. எஞ்சினுக்குள் நீர் போன வண்டிகளின் கோளாறு உடனே தெரிந்துவிடும். காலடி விரிப்பு வரை மட்டும் நீர் ஏறி வடிந்த வண்டிகள் அப்படியில்லை. விரிப்புக்கு அடியிலுள்ள பஞ்சு ஈரத்தை எளிதில் விடாது. அதை ஒட்டிப் போகும் வயர்களின் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு ஏறும். மாதங்கள் கழித்து ஒருநாள் ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டியரிங் விளக்குகள் ஒன்றாக எரியும். அதற்குள் மழையை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் ஸ்கேனர் போடுவார்கள். யு0100 என்ற குறியீடு வந்தால் எஞ்சின் மாட்யூலோடு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியோடு, தொடர்பில்லை. யு0121 என்றால் ஏ.பி.எஸ். மாட்யூலோடு தொடர்பில்லை. பல இடங்களில் அடுத்த வேலை, அந்த மாட்யூலை மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போடுவதுதான். இன்று பரவலாகிவிட்ட இந்த வழக்கத்தில் நல்லது எது, கெட்டது எது?

ஸ்கேனரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் முறையில், முறுக்கிய இரண்டே வயர்களில் எல்லா மாட்யூல்களும் பேசிக்கொள்கின்றன. எது பேசவில்லை என்று வயர் வயராகத் தேடினால் ஒரு நாள் போய்விடும். ஸ்கேனர் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. அறிந்து படிப்பவருக்கு அது இன்னும் சொல்லும். எல்லா மாட்யூல்களும் ஒன்றையே குறைசொன்னால், அந்த ஒன்றின் சப்ளை, எர்த், அதற்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அத்தனையும் மௌனமானால் அந்த இரு வயர்களும் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது ஒரு மாட்யூல் மற்றவற்றையும் முடக்கியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஆனால் ஸ்கேனர் வகுப்பறை வருகைப் பதிவேடு மாதிரி. யார் வரவில்லை என்று சொல்லும். ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. மாட்யூல் செத்திருக்கலாம். அதற்குப் போகும் ஃபியூஸோ எர்த்தோ போயிருந்தாலும் திரையில் அதே குறியீடுதான் வரும். உப்புக்காற்று ஓயாத இந்த ஊரில் பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் துருப்பிடிப்பது அன்றாடக் கதை. சோதிப்பதிலும் ஒரு பொறி உண்டு. சப்ளை வயரில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். மாட்யூல் கரண்ட் இழுக்கும்போதுதான் வோல்ட் விழும். லோடு கொடுத்துப் பார்க்காமல் 'சப்ளை சரி' என்று எழுதுவது அரைச் சோதனை.

கேன் வயரைப் பார்க்க அதிகச் செலவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சொருகும் 16 பின் சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே ஓம் பார்த்தால் பெரும்பாலான கார்களில் சுமார் 60 வரவேண்டும். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதே காரணம். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். சாக்கெட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவே கேட்வே மாட்யூல் உள்ள வண்டிகளில் மட்டும் இந்த அளவு உள்ளே ஓடும் வயர்களைக் காட்டாது. அங்கே பிரித்துத்தான் பார்க்கவேண்டும்.

சாலையோர எலெக்ட்ரீசியன்களிடம் இந்தத் தேடும் பொறுமை அதிகம். கப்ளரைப் பிரித்து, களிம்பைச் சுரண்டி, பின்னை மாற்றிச் சில நூறு ரூபாயில் வண்டியை அனுப்புபவர்களை மதிக்கிறேன். ஆனால் அவர்களில் சிலர் கேன் வயரிலும் பல்பு டெஸ்டரை வைக்கிறார்கள். முறுக்கைப் பிரித்து ஒட்டி டேப் சுற்றிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அந்த ஒட்டே புதுக் கோளாறாகிறது. பழி முழுவதும் அவர்களுடையதும் இல்லை. வயரிங் வரைபடமும் நிறுவன ஸ்கேனரும் எட்டாத ஆள் ஊகித்துத்தான் வேலை செய்ய முடியும். உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

என் கணிப்பில் அடிப்படைக் குற்றவாளி நாம் கூலி கொடுக்கும் முறை. மாட்யூலுக்குப் பல ஆயிரம் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறோம். மூன்று மணி நேரம் தேடி ஒரு எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்தவர் ஆயிரம் கேட்டால், 'பார்த்ததற்கா இவ்வளவு?' என்கிறோம். தேடினால் கூலியில்லை, மாற்றினால் லாபம் என்றானபின் எந்த ஒர்க்‌ஷாப் தேடும்? மாட்யூல் உண்மையிலேயே செத்துப்போவதும் உண்டு. உள்ளே நீர் போன போர்டைக் காப்பாற்றுவது பல நேரம் வீண்முயற்சி. மாட்யூலை மாற்றும் முடிவுக்குக் கடைசியில் வரவேண்டும் என்பதே என் வாதம். புது மாட்யூலுக்குப் புரோகிராமிங் செலவும் சேரும்; களிம்பேறிய கப்ளரிலேயே சொருகினால் அதுவும் அதே குறியீட்டைத்தான் காட்டும்.

அடுத்த முறை உங்கள் காருக்கு மாட்யூல் மாற்றச் சொன்னால் மூன்று அளவுகளை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்: பேட்டரி வோல்ட், கேன் வயரின் ஓம், அந்த மாட்யூலின் கப்ளரில் லோடு கொடுத்துப் பார்த்த சப்ளையும் எர்த்தும். அவற்றை எடுக்க ஆகும் நேரத்துக்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.