பத்துக் கார்பன் வாசல்

கையில் எடுத்தால் கோலமாவு போலத்தான் இருக்கும். பெயர் இசட்எஸ்எம்-5. சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த ஜியோலைட் படிகம். மொபில் நிறுவனத்தின் அர்காவர், லாண்டோல்ட் இருவர் பெயரிலும் 1972-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. எரிவாயுவைப் பெட்ரோலாக்கும் பாதையில் வேறு வினையூக்கிகளும் உண்டு. என் மனம் ஒட்டிக்கொண்டது இதனிடம்தான்.

அதன் துளையைப் பாருங்கள். பத்து ஆக்சிஜன் அணுக்கள் விளிம்பு கட்டிய வாசல். அகலம் ஏறத்தாழ 0.55 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் குறுக்கே இப்படி லட்சம் வாசல்களை அடுக்கிவிடலாம். உள்ளே நேர்ச்சந்துகள் ஓட, வளைந்து நெளிந்த சந்துகள் அவற்றை வெட்டிச் செல்லும். வெட்டும் முனையில் மட்டும் இடம் சற்றே விரியும். சிலிக்கான் இருக்கவேண்டிய இடத்தில் அங்கங்கே ஓர் அலுமினியம் அமர்ந்திருக்கும். அதனால் வரும் மின்னூட்டக் குறையை ஈடுகட்ட ஒரு புரோட்டான் ஒட்டிக்கொள்ளும். வேலையெல்லாம் செய்வது அந்தப் புரோட்டான்தான்.

நியூசிலாந்தின் மோட்டுநூயியில் 1985-இல் இந்தத் தூள் ஒரு நாட்டின் வண்டிகளுக்கே பெட்ரோல் வார்க்கத் தொடங்கியது. கடலடி எரிவாயுவை முதலில் நிக்கல் வினையூக்கியும் பிறகு தாமிர வினையூக்கியும் மெத்தனாலாக்கித் தந்தன. ஒற்றைக் கார்பன் மெத்தனால் இந்தச் சந்துக்குள் நுழைந்ததும் நீரை உதிர்க்கும். கார்பனோடு கார்பன் சேர்ந்து வளரும். எதுவரை? வாசல் விடும்வரை. பத்து, பதினொரு கார்பனோடு வளர்ச்சி அடங்கிவிடுகிறது. பெட்ரோலுக்கு வேண்டியதும் அந்த அளவுதானே!

சல்லடை பெரியதை வெளியே நிறுத்தும். இதுவோ, உள்ளே பிறந்த பெரியதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு, அது உடைந்தோ உருமாறியோ ஒல்லியான பிறகே வழிவிடுகிறது. உள்ளே பிறக்கும் ஒல்லியான மூலக்கூறான பாராசைலீனுக்குக்கூட வாசல் ஒரு மயிரிழை இறுக்கம்தான். ஆனால் சூட்டில் படிகமும் அதிர்கிறது, மூலக்கூறும் அதிர்கிறது. அந்த அசைவில் நழுவி வந்துவிடுகிறது. பக்கவாட்டில் புடைத்த அதன் உடன்பிறப்புகள் திணறுகின்றன. வாசலில் கடைசியாக நெருக்கியடித்து வெளியேறுவது டியூரீன். சரியாகப் பத்துக் கார்பன். 79 டிகிரியில்தான் உருகும். பெட்ரோலில் கூடினால் குளிரில் படிகமாக உறைந்து கார்புரேட்டரை அடைக்கும். அதைக் குறைக்க மோட்டுநூயியில் தனிப் பிரிவே வைத்தார்கள்.

மரத்தூளைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் உயிரி எண்ணெய் இதே வாசலுக்கு வரும்போது கதை கடினமாகிறது. புகைநாற்றம், புளிப்பு, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனை நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் கழற்றி அனுப்புகிறது ஜியோலைட். மரத்தின் லிக்னினிலிருந்து வரும் பருத்த மூலக்கூறுகளோ உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே கரியாகப் படிகின்றன. தூள் கறுத்துப்போகும்.

500 டிகிரிக்குமேல் சூடாக்கிக் காற்றை ஊதினால் அந்தக் கரி எரிந்து போய்விடும். தூள் வெளுத்து, மறுபடி வேலைக்குப் போகும்.