பால்கனிக்கு வந்த செங்காந்தள்

தொட்டியில் வளர்க்கும் பூக்கொடிகளில் செங்காந்தளை மிஞ்ச ஒன்றும் கிடையாது. மணி பிளான்ட்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலைக்கு வருகிறவர்கள் நேரே ஆற்றுக்குத்தான் ஓடுவார்கள். கொல்லிமலையில் ஆகாயகங்கையாக விழுந்து இறங்கிவரும் ஐயாற்றுத் தண்ணீர் அப்படி. நானும் குளிக்கப் போனவன்தான். ஐப்பசி மழை விட்டிருந்த காலை நேரம்; கரையோரப் புதர்மேல் காந்தள் ஏறிப் பூத்திருந்தது. ஆறு இதழும் ஓரம் நெளிந்து, தலைகீழாகத் தொங்கும் பூவிலிருந்து மேல்நோக்கி மடங்கி நின்றன. துண்டை மறந்தேன், சோப்பை மறந்தேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதல் பூ ஏன் காந்தள் என்று அன்றைக்கு விளங்கியது!

வீட்டில் வளர்க்க ஆசை வந்தாலும் அங்கே கிழங்கைத் தோண்டக் கூடாது. காட்டுப்பூ காட்டில் இருக்கட்டும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக இதை வயலிலேயே பயிரிடுகிறார்கள். கவுட் மூட்டுவலிக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் மருந்து அந்த விதையில் இருக்கிறது. கிழங்கை அங்கே கேட்டு வாங்கலாம்; கண்வலிக்கிழங்கு என்று சொன்னால்தான் தெரியும்.

கவட்டையாகப் பிரிந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் கிழங்கு வீண், அதனால் முட்டையைக் கையாளும் பக்குவம் வேண்டும். ஆடியில், ஒரு அடி அகலத் தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து, கிழங்கைப் படுக்கவைத்து இரண்டு அங்குலம் மண் மூடினால் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றலாம். காலை வெயில் விழும் கிழக்குப் பால்கனியோ சன்னலோ உத்தமம். வெயிலே படாத மூலையில் கொடி நீளும், பூ வராது.

பிறகு சணல் கயிறு கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. என்ன சாமர்த்தியம்! காபி டம்ளரோடு அதன் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு அலுவலகம் மறந்துவிடும்.

பூ பச்சையாகத் திறந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகிறது. கீழிருந்து மேலாகப் பூப்பதால் எல்லா நிறமும் ஒரே கொடியில் ஒரே நேரத்தில் கிடைக்கும். சூல்தண்டு செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பி, தன் மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. அதனால்தான் மூலனூர்ப் பக்கத்து வயல்களில் மகரந்தத்தைக் கையாலேயே தொட்டுவைக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ இது. ஜிம்பாப்வேக்குத் தேசியப் பூ. 1947இல் இளவரசி எலிசபெத்தின் 21ஆவது பிறந்தநாளுக்கு அந்த நாட்டிலிருந்து (அப்போது அது தென் ரொடீசியா) இந்தப் பூவின் வடிவில் வைர ப்ரோச் போனது. என்னைக் கேட்டால் வைரம் தேவையில்லை, ஒரு கிழங்கு போதும்.

ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கில் கடும் விஷம். அதைத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. தவழும் குழந்தையோ செடி மெல்லும் பூனையோ உள்ள வீடு என்றால் கட்டுரையை இங்கேயே மடித்துவைத்துவிடுங்கள். மற்றவர்கள் கிழங்கைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கார்த்திகை முடிந்ததும் கொடி மஞ்சளடித்துக் காயும். பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது உறங்கப் போகிறது. வெயில் காலம் முழுக்கத் தொட்டியை ஒரு மூலையில் காயவிட்டால் போதும், ஊருக்குப் போனாலும் கவலையில்லை. வேறெந்தச் செடி இவ்வளவு தாராளமாக விடுமுறை தரும்? அடுத்த ஆடியில் மண்ணைக் கொட்டினால் பழைய கிழங்கு சுருங்கிப்போய் புதிதாக இரண்டு கிடக்கும். ஒன்றை மாடிவீட்டு அக்கா இப்போதே சொல்லிவைத்துவிட்டார். அவர் வீட்டில் பூனை இல்லை, விசாரித்துவிட்டேன்.