நிறவெறிச் சட்டங்களும் தென்னாப்பிரிக்க எழுத்தும்

தென்னாப்பிரிக்க இலக்கிய வரலாற்றை அந்நாட்டுச் சட்டங்களின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1913இல் வந்த நிலச் சட்டம், கறுப்பின மக்களின் நில உரிமையை நாட்டின் சுமார் 7 விழுக்காட்டுப் பரப்புக்குள் ஒடுக்கியது. பத்திரிகையாளர் சோல் பிளாட்ஜே, வெளியேற்றப்பட்ட குடும்பங்களை மிதிவண்டியில் தேடிச் சென்று பார்த்தார். அவர் எழுதிய ‘நேட்டிவ் லைஃப் இன் சவுத் ஆப்பிரிக்கா’ 1916இல் வெளிவந்தது. வழியிலேயே இறந்துபோன கைக்குழந்தையைப் புதைக்கச் சொந்த நிலம் இல்லாமல், பெற்றோர் இரவில் மறைவாகக் குழி தோண்டிய செய்தி அந்நூலில் உண்டு. ஒரு சட்டம் என்ன செய்யும் என்பதை ஒரு குடும்பத்தின் துயரத்தில் காட்டும் முறை இங்கே வேரூன்றியது.

1948இல் ஆலன் பேட்டனின் ‘க்ரை, தி பிலவ்ட் கன்ட்ரி’ நாவல் வெளிவந்தது. அதே ஆண்டு தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, இனஒதுக்கலை அரசின் கொள்கையாக்கியது. 1951இல் தொடங்கிய ‘டிரம்’ இதழ், கேன் தெம்பா, எஸ்கியா ம்பாஹ்லேலே போன்ற கறுப்பின எழுத்தாளர்களுக்குக் களமானது. அதன் செய்தியாளர் ஹென்றி நுமாலோ, பெத்தல் பண்ணைகளில் தொழிலாளர் பட்ட கொடுமைகளையும் சிறைச்சாலையின் நிலையையும் நேரில் அறிந்து எழுதினார்.

1960களில் தணிக்கை இறுகியது. அலெக்ஸ் லா குமாவின் ‘எ வாக் இன் தி நைட்’ 1962இல் நைஜீரியாவில் அச்சானது. சொந்த நாட்டில் அவர் எழுத்தை மேற்கோள் காட்டுவதுகூடக் குற்றமானது. பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஆண்ட்ரே பிரிங்க் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எழுதிய நாவல் 1974இல் தடை செய்யப்பட்டபோது, ஆள்வோரின் மொழியில் எழுதுவதும் பாதுகாப்பில்லை என்பது தெளிவாயிற்று.

நாவல் எழுத அமைதியும் அவகாசமும் வேண்டும். அவை கிடைக்காதவர்களுக்குக் கவிதையும் சிறுகதையும் நாடகமும் கைகொடுத்தன. அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ந்ட்ஷோனா மூவரும் சேர்ந்து உருவாக்கிய ‘சிஸ்வே பான்சி இஸ் டெட்’ 1972இல் கேப்டவுனில் அரங்கேறியது. அந்த நாடகத்தில், நகரில் தங்கக் கறுப்பினத்தவருக்குத் தேவைப்பட்ட அனுமதி முடிந்துபோன ஒருவன், தெருவில் பிணமாகக் கிடப்பவனின் அடையாளப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறான். அதில் படம் மாற்றி ஒட்டப்படுகிறது. வேலை பார்த்துப் பிள்ளைகளைக் காப்பாற்ற, அவன் தன் பெயரையே சாகவிட வேண்டியிருக்கிறது. 1976இல் ஆப்பிரிக்கான்ஸ் வழிக் கல்வித் திணிப்பை எதிர்த்து சோவெட்டோ மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்குப் பின், 1978இல் ‘ஸ்டாஃப்ரைடர்’ இதழ் பிறந்து நகர்ப்புறக் குடியிருப்புகளின் இளங்குரல்களைத் திரட்டியது.

எப்படி எழுதுவது என்ற விவாதமும் வலுத்தது. ஜே. எம். கூட்ஸியின் ‘லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் மைக்கேல் கே’ 1983இல் புக்கர் பரிசு பெற்றது. அதன் நாயகன் போராட்டத்திலிருந்து விலகி நிற்பதை எழுத்தாளர் நாடின் கார்டிமர் குறையாகச் சுட்டினார். மறுபுறம், கொடுமையின் பேரோசையை மட்டும் பதிவு செய்தால் மனிதரின் அன்றாட வாழ்க்கை எழுத்திலிருந்து மறைந்துவிடும் என்று எழுத்தாளர் ந்ஜபுலோ ந்டெபெலே 1984இல் எச்சரித்தார்.

நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் நினைவுகூரல் எழுத்தாளரின் பணியாயிற்று. அந்த ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அமர்வுகளை ஆன்ட்ஜி குரோக் 1998இல் நூலாக்கினார். டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களின் வாழ்வை ரோனி கோவெண்டர் 1996இல் வெளியிட்ட சிறுகதைகளில் மீட்டெடுத்தார்.

இந்த எழுத்துகளில் காலத்தைத் தாண்டி நிற்பவை, சட்டத்தின் கொடுமையைச் சொன்னதோடு நில்லாமல், அதன்கீழ் வாழ்ந்தவரை முழு மனிதராகக் காட்டியவையே.