சட்டாம்பிள்ளை கற்பிக்கலாமா?

காத்திவாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் ஒரு சிறு வகுப்பு நடைபெறும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன்னினும் இளைய ஐந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவாள். வகுத்தல் கணக்கை அவள் விளக்கும் அழகை, கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் நானே கண்டு வியந்ததுண்டு. ஆனால் ஒரு நாள், "கனமான கல்தான் முதலில் தரைக்கு வரும்" என்று உறுதியாகச் சொன்னாள். ஐவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டனர்.

மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கலாம் என்ற கொள்கையை மேல்நாட்டில் புகழ்பெறச் செய்த நூல், நம் சென்னையில் நடந்த சோதனையைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்களா? ஆன்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். 1797-இல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

இந்நூலின் சிறப்பு யாது? கற்பனைத் திட்டமன்று, செய்து பார்த்த சோதனையின் அறிக்கை. ஆனால் புதுமை முழுவதும் பெல்லுடையதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குக் கற்பிப்பது பழைய வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில், பெல் இங்கிலாந்தில் புகுத்தியது இந்நாட்டு ஆசிரியர்களின் தொன்முறையே என்று ஒப்புக்கொண்டனர்.

பெரிய குறை வேறொன்று. ஆசிரியரின் மேற்பார்வை இருந்தால் ஒரு பள்ளி தனக்குத் தானே கற்பித்துக்கொள்ளும் என்று நூலின் தலைப்பே கூறுகிறது. எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்துமா? மணலில் எழுதிய 'அ' தவறானால் கண்ணுக்கு உடனே தெரியும், அழித்துத் திருத்தலாம். ஃபிரிஸ்கனின் வெற்றியில் அந்த மணலுக்கும் பங்குண்டு. ஆனால் விசை, முடுக்கம் போன்ற கருத்துகளில் தவறு கண்ணுக்குத் தெரியாது. கற்பிப்பவன் நம்பும் பிழை ஐந்து மடங்காகப் பெருகும். மேலும், குறைந்த செலவில் நிறையப் பேருக்குக் கற்பிக்கலாம் என்ற ஆசை, சிறுவனைப் பாடம் கடத்தும் குழாயாக்கிவிட்டது. இங்கிலாந்து 1846-இல், சற்று மூத்த மாணவர்களைத் தேர்ந்து ஊதியமும் பயிற்சியும் அளிக்கும் வேறொரு திட்டத்துக்கு மாறத் தொடங்கியது.

அப்படியானால் கொள்கையே தவறா? அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் அதற்கு வேறு வடிவம் தந்தார். வகுப்பில் ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் முதலில் தனியே சிந்தித்து விடை சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் கூறி வாதிட வேண்டும், மீண்டும் விடை, இறுதியில் ஆசிரியர் விளக்கம். நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு, தான் இடறிய இடம் நினைவிருக்கும். பல ஆண்டுகள் கற்பித்த எங்களுக்கு அது மறந்துபோயிருக்கும். இங்கே மாணவன் விடையை மட்டும் சொல்வதில்லை; காரணத்தையும் சொல்கிறான். அதுதான் வேறுபாடு.

அன்று மாலை நான் அந்த மாணவியைத் திருத்தவில்லை. "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். அறுவரும் மொட்டை மாடிக்கு ஓடினர். எலுமிச்சை அளவில் ஒரு கல், நெல்லிக்காய் அளவில் ஒரு கல்; இரண்டையும் ஒன்றாகக் கைவிட்டனர். ஒரே சத்தம்! நம்பாமல் பலமுறை செய்து பார்த்தனர். அவ்வளவு குறைந்த உயரத்தில் கற்களுக்குக் காற்றின் தடை பொருட்டல்ல. கீழே வந்து, தான் சொன்ன வரியை அவளே அடிக்கச் சொன்னாள்.

மாணவ நண்பர்களே, தெரிந்ததை உங்கள் தோழர்களுக்குத் தயங்காமல் சொல்லிக் கொடுங்கள். "எப்படித் தெரியும்?" என்று உங்களைக் கேட்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுங்கள்.