வர்ணம் ஏறிய ஏடு

கறுப்பு வெள்ளையிலேயே வெகுகாலம் வாசித்துப் பழகிய கோபோ லிப்ரா 2 என்னும் மின்னூல் கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, 2024-இல் வெளிவந்த அதன் வர்ண வாரிசான லிப்ரா கலரைக் கையில் எடுத்தால், முதலில் கண்ணில் படுவது வர்ணமன்று. ஏட்டின் வெண்மை ஒரு மாற்றுக் குறைந்திருப்பதே. கண்ணுக்கு எட்டாத நுண்குமிழ்களுக்குள், எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மேலெழுந்தும் கீழடங்கியும் எழுத்தைத் தோற்றுவிக்கும் அந்தப் பழைய வித்தையின் மீதே, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வர்ணங்களாலான மெல்லிய வடிகட்டியொன்றைப் போர்த்தியிருப்பதால், ஒளியில் ஒரு பங்கு அதிலேயே தங்கிவிடுகிறது. முன்விளக்கைச் சற்றே கூட்டினால் அக்குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

எழுத்துக்கோ பழுதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நுட்பம் அப்படியே நிற்க, வர்ணத்துக்கு மட்டும் அது 150 என்று பாதியாவதால், தமிழ் மெய்யெழுத்தின் புள்ளியும் ணகரத்தின் சுழிகளும் முன்போலவே துல்லியமாகத் துலங்க, சித்திரங்கள் மாத்திரம் நாள்பட்ட தபால்தலையின் மங்கிய சோபையோடு விளங்குகின்றன. அந்த மங்கலே எனக்குப் பிரியமானது. கைப்பேசித் திரையின் பகட்டை நான் நூலுக்குள் வேண்டுவதில்லை.

அட்டைப் படங்களைக் காட்டிலும் பூகோளப் படங்களில்தான் இதன் பிரயோஜனம் பிரத்தியட்சமாகிறது: சாம்பல் நிறத்தின் பேதங்களாய் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த நதியும் எல்லைக்கோடும் ரயில்பாதையும் இப்போது தத்தம் வழியே பிரிந்து செல்கின்றன. வரிகளைக் குறித்துவைக்கவும் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என நான்கு வர்ணங்கள் உண்டு. கருத்துக்கு ஒன்றும் நடைக்கு ஒன்றும் ஒதுக்கிக்கொண்டால், பிற்பாடு புரட்டும்போது எதை எதன்பொருட்டுக் குறித்தோம் என்பது சட்டென்று விளங்கிவிடும்.